லண்டன் போலீஸ் கோட்டைவிட்டதை நாற்பத்தெட்டாம் தெரு பிடித்த கதை

துப்பறியும் கலைக்கு இந்த நூற்றாண்டில் செய்யப்பட்ட மாபெரும் சேவை எது என்று வருங்காலச் சரித்திரக்காரர்கள் கேட்டால், அது 1927ஆம் ஆண்டு, இரங்கூன் நாற்பத்தெட்டாம் தெருவில், ஒரு மெதுவடைக்கு அடியில் செய்யப்பட்டது என்றுதான் பதில் சொல்லியாக வேண்டும். லண்டன் போலீஸார் முப்பத்தொன்பது வருஷம் தொப்பி நனைய நனையத் தேடியும் அகப்படாத ஒரு கொலைகாரனை, மரணப் பதிவு குமாஸ்தா இராமையா, ஆபீஸுக்கு ஒரு நாள்கூட லீவு போடாமல் ஒரே சாயங்காலத்தில் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்கப்பட்டவர் அந்த ஆள் இல்லை என்பது ஒரு சிறு குறை. பெரிய காரியங்களில் இப்படிச் சில்லறைக் குறைகளைப் பார்க்கக் கூடாது.

இராமையாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. 'இரங்கூன் தமிழர் அறிவு விருத்தி வாசக சங்க'த்தில் பதினான்கு வருஷமாகத் துணைக் காரியதரிசி. துணைக் காரியதரிசியின் பொறுப்புகள் மிகப் பெரியவை. ஜமக்காளம் விரிப்பது, சோடா வரவழைப்பது, காரியதரிசி பேசி முடித்ததும் முதல் ஆளாகக் கை தட்டுவது. இவற்றை அவர் ஒரு குறையும் இல்லாமல் செய்துவந்தார். ஆனால் அவருடைய தகரப் பெட்டியின் அடியில், பட்டுத் துணியில் சுற்றிய ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. 'இராமையா, காரியதரிசி' என்று அதில் இருக்கும். 1913ஆம் வருஷத் தேர்தலுக்கு முதல் நாள், வெற்றி நிச்சயம் என்று நம்பிச் செய்வித்தது. அடுத்த வருஷம் பென்ஷன். பிறகு கப்பலேறி ஊருக்குப் போக வேண்டும். ஒரு தடவையாவது அந்த முத்திரையை மையில் தோய்த்து ஒரு காகிதத்தில் குத்தாமல் கப்பலேறுவதில்லை என்று அவர் மனத்துக்குள் விரதம் பூண்டிருந்தார்.

விரதத்துக்குக் குறுக்கே பீர் முகைதீன் நின்றார். கண்ணாடிச் சாமான் வியாபாரி. சங்கத்தின் கூரையில் சொந்தச் செலவில் ஒரு மின்சார விசிறியை மாட்டிவிட்டு, அந்தக் காற்றிலேயே காரியதரிசி தேர்தலுக்கும் நின்றுவிட்டார். சித்திரை மாதத்து இரங்கூனில் விசிறிக்கு எதிராக வாக்குக் கேட்பது எப்படிப்பட்ட காரியம் என்பது, சட்டையைப் பிழிந்து காயப்போட்டவர்களுக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் வடை வந்தது.

கனகாம்பாள் மெஸ்ஸில் சாயங்காலப் பலகாரத்தைப் பழைய இங்கிலீஷ் பத்திரிகைத் தாளில் வைத்துத் தருவார்கள். இராமையா வடையைத் தின்றுகொண்டே தாளின் மேல்பாதியைப் படித்தார். கீழ்ப்பாதியைக் கிழித்துக் கையைத் துடைத்துப் போட்டார். மேல்பாதியில் இருந்த செய்தி இது: 1888ஆம் வருஷம் லண்டன் நகரின் ஏழைப் பேட்டையில் ஐந்து பெண்களைக் கொன்றுவிட்டு மறைந்தவன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. யாரோ எழுதிய கடிதத்தில், கிழிப்பவன் என்ற பட்டத்தோடு, 'ஜாக்' என்று கையெழுத்து இருந்ததால் உலகம் அவனை அப்படி அழைக்கிறது. கையில் கறுப்புத் தோல்பை வைத்திருந்தான் என்கிறார்கள். என்ன ஆனான் என்று ஒருவருக்கும் தெரியாது. கப்பலேறிக் கிழக்கே போயிருக்கலாம்.

"கிழக்கே" என்றார் இராமையா உரக்க.

இரங்கூனும் கிழக்கேதான் இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கொல்லைப்புறக் குழாயடியில், பலகை போட்டு, பாட்டர்ஸ்பி துரை சோறு தின்றுகொண்டிருந்தார். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு கறுப்புத் தோல்பை.

பாட்டர்ஸ்பி, பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவர். வெள்ளைக்காரர்களின் பங்களாக்களில் பியானோ இருந்த காலத்தில் மேஜையில் உட்கார்ந்து தின்றவர். பங்களாக்களில் கிராமபோன் வந்த பிறகு கனகாம்பாளின் குழாயடிக்கு வந்து சேர்ந்தார். வழுக்கைத் தலை, நாலு பல், மலைக்காய்ச்சலில் வெந்த தோல். பர்மாக்காரர்கள் அவரை 'சயா' என்றார்கள். அவர்கள் பாஷையில் வாத்தியார் என்று அர்த்தம். தமிழர்கள் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஏழை வெள்ளைக்காரனோடு எப்படிப் பேசுவது என்பதற்கு இரங்கூன் தமிழர்களிடம் முறை ஏதும் ஏற்பட்டிருக்கவில்லை.

இராமையா தம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

"தொரைக்கு எந்த ஊரு?"

"லண்டன்" என்றார் பாட்டர்ஸ்பி, ஙாப்பி என்னும் பர்மா மீன் விழுதுக் குழம்பைப் பிசைந்தபடி. மெஸ் தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

"எப்ப கப்பலேறினீங்க?"

"எண்பத்தெட்டு டிசம்பர். எண்பத்தொன்பது சனவரியில இங்க எறங்கினேன்."

இராமையா தம்ளரைக் கீழே வைத்தார்.

"பைய ஒரு நாளும் கீழ வைக்கிறதில்லையே?"

"வச்சா களவாண்டுருவானுக அண்ணே."

"உள்ள என்ன?"

"ஆயுதந்தான். கத்தி, கம்பி, சுத்தி. என் தொழிலுக்கு வேண்டியது."

அதற்கு மேல் ஒரு துப்பறிவாளருக்கு என்ன வேண்டும்? இராமையா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தொரை, நீங்கதானே அவரு?"

"எவரு?"

இராமையா மேல்பாதித் தாளை நீட்டினார். பாட்டர்ஸ்பி படித்தார். "சீச்சீ! நான் இல்லைங்க!" என்றார்.

இராமையாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பத்திரிகையில் தெளிவாகப் போட்டிருந்தது: சந்தேகிக்கப்பட்ட ஒவ்வொருவரும் 'நான் இல்லை' என்றே சொன்னார்களாம். இவரும் வார்த்தை பிசகாமல் அதையே சொல்கிறார்!

இருபத்தாறு வருஷமாகத் தினம் நாற்பது பேரிடம் "வயசு என்ன?" என்று கேட்டு எழுதுவது இராமையாவின் உத்தியோகம். ஆனால் அது செத்தவர்களுடைய வயது. உயிரோடிருப்பவர்களிடம் அதைக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

நிர்வாகக் கமிட்டி அவசரமாகக் கூடியது. இராமையா தாளை மேஜைமீது விரித்து, எழுந்து நின்று, "உலகப் பிரசித்தி பெற்ற ஒருவர் நம்மிடையே முப்பத்தெட்டு வருஷமாக ஙாப்பி தின்றுகொண்டிருக்கிறார். அவரை நாம் ஒருமுறையாவது உபசரித்தோமா?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கொலைகாரன் காணும் அவன்!" என்றார் பீர் முகைதீன். "போலீசுல சொல்றதா, பொன்னாடை போத்துறதா?"

"போலீஸுக்கே தெரியாத விஷயத்தப் போலீஸ்ல போய்ச் சொல்றது மரியாதையில்ல" என்றார் இராமையா. "அப்பறம் பாருங்க, கல்கத்தாவுக்குக் கெடைக்கல, பம்பாய்க்குக் கெடைக்கல. சிங்கப்பூர்க்காரன் காதுல விழுந்தா அவன் கொத்திக்கிட்டுப் போயிருவான்."

'சிங்கப்பூர்' என்ற சொல் கமிட்டியைத் தீர்மானத்துக்குக் கொண்டுவந்தது. சிங்கப்பூர்ச் சங்கத்தில் விசிறி இரண்டு இருப்பதாகக் கேள்வி.

அடுத்து, அந்தப் பட்டத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. சங்கப் புலவர் குழந்தைவேலு, சோழ மன்னர்களின் மரபைப் பின்பற்றி 'குடல்கொண்டான்' என்று முன்மொழிந்தார். வேறொருவர் 'வயிறு கிழித்த வள்ளல்' என்றார். 'வள்ளல்' ஏன் என்று கேட்டதற்கு, எதுகை மோனையில் காரணம் கேட்கக் கூடாது என்று பதில் வந்தது. கடைசியில், 'மேன்மை தங்கிய ஜாக் அவர்கள்' என்று முடிவாகி, நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறியது.

அப்போது சோடாத் தட்டோடு வந்திருந்த, மெஸ் நடத்தும் கனகாம்பாள் வாசல்படியில் நின்று கேட்டாள். "ஏண்ணே, செத்துப்போன பொம்பளைங்க அஞ்சு பேருக்கும் பேரு இல்லையா?"

கமிட்டி அவளைத் திரும்பிப் பார்த்தது.

"இருக்கும்" என்றார் இராமையா.

"என்ன பேரு?"

இராமையா தாளைப் புரட்டிப் பார்த்தார். மேல்பாதியில் இல்லை. முறைப்படி வேலை செய்கிறவர் ஆதலால், நடவடிக்கைப் புத்தகத்தில் 'கொல்லப்பட்ட மாதர்' என்று தலைப்பிட்டு, ஒன்று முதல் ஐந்துவரை இலக்கம் போட்டு, எதிரே வெற்றிடம் விட்டு, 'பெயர்கள் பின்னர் சேர்க்கப்படும்' என்று எழுதினார்.

"சேத்துருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கனகாம்பாள் காலிப் புட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு பாட்டர்ஸ்பியின் வாழ்க்கை மாறியது. குழாயடிப் பலகை போய், முதல் பந்தியில் முதல் இலை வந்தது. ரிக்ஷா இழுக்கும் லாஞ்சாக்காரர்கள் சும்மா ஏற்றிக்கொண்டு போனார்கள். துறைமுக ஆபீஸ் குமாஸ்தாக்கள் குடும்பத்தோடு வந்து, குழந்தைகளை அவர் காலடியில் விட்டு, "கும்பிடுறா, பெரியவரைக் கும்பிடு" என்றார்கள். மாவ்பி என்ற வெளியூரிலிருந்து ஒருவர் ரயிலேறி வந்து கையெழுத்துக் கேட்டார். முப்பத்தெட்டு வருஷம் யோக்கியமாக இருந்தபோது ஒரு தம்ளர் மோர் கொடுக்காத சமூகம், கொலைகாரர் என்று தெரிந்ததும் பாயசம் ஊற்றியது.

"தொரை, நீங்கதானா அந்த ஆளு? நெசத்தச் சொல்லுங்க" என்று கனகாம்பாள் ஒரு நாள் கேட்டாள்.

"நான் கோழி அறுக்கறத பாத்தாலே மயக்கம் போட்டு விழுவேன்னு உனக்குத் தெரியாதா அம்மா?"

"தெரியும். ரெண்டு தடவ தண்ணி தெளிச்சிருக்கேன். அப்ப இல்லேன்னு சொல்லித் தொலைக்கிறது!"

"நாலு தடவ சொன்னேன். ஒருத்தனும் கேக்கல. அஞ்சாந் தடவ சொல்ல வாயத் தொறந்தேன், இராமையா அண்ணன் அப்பளத்த வச்சுட்டாரு." பாட்டர்ஸ்பி தலை குனிந்துகொண்டார். "குழாயடியில மழைக்காலத்துல சோத்துல தண்ணி சொட்டும் அம்மா. அதான் சும்மா இருந்துட்டேன்."

கனகாம்பாள் இன்னொரு கரண்டி சோற்றை இலையில் போட்டாள்.

இதற்குள் சங்கம் இரண்டாகப் பிரிந்திருந்தது: விசிறிக் கட்சி, ஜாக் கட்சி. தேர்தல் நாளான ஞாயிற்றுக்கிழமை மாலை உபசார விழா என்று விளம்பரம் ஒட்டினார்கள். விழா முடிந்ததும் அதே மேடையில் வாக்கெடுப்பு. இராமையா முத்திரையைப் பட்டுத் துணியோடு எடுத்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஆண்கள் மட்டும் முன்னூறு பேர் கூடினார்கள். பெண்கள் மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பாட்டர்ஸ்பி கழுத்தில் மூன்று மாலை. பை மடியில். மேலே பீர் முகைதீனின் விசிறி சுழன்றது.

சங்கத்தின் பெருமைக்குரிய வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். யாராவது பிரமுகர் வந்தால் 'உபசாரப் பத்திரம்' வாசித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் புதிதாக எழுதுவது வீண் செலவு என்பதால், புலவர் குழந்தைவேலு ஒரே பத்திரத்தை எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு, மொத்தமாக அச்சடித்து வைத்திருந்தார். கடைசியாக அச்சடித்தது, போன வருஷம் வருவதாக இருந்து வராமற்போன ஒரு பிரசவ டாக்டரம்மாவுக்காக. அந்தக் கட்டு அப்படியே இருந்தது. குழந்தைவேலு கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்:

"மேன்மை தங்கிய ஜாக் அவர்களே! மாதர்குலத்தின் இன்னலைத் தீர்ப்பதற்கென்றே அவதரித்த அண்ணலே! தங்கள் கைபட்ட மாதர் எவரும் பின்னர் நோயென்று சொன்னதுண்டோ?"

கை தட்டல். முதலில் தட்டியவர் இராமையா.

"நள்ளிரவென்றும் பாராது, அழைப்பையும் எதிர்பாராது, ஏழைப் பெண்களின் இல்லம் தேடிச் சென்ற தங்கள் கருணையை என்னென்போம்! தங்கள் கத்தியின் நுட்பத்தை மேல்நாட்டு வைத்திய நிபுணர்களே வியக்கின்றனர். இத்திருப்பணி இரங்கூனிலும் இனிதே தொடர வேண்டும் என்றும், எங்கள் இல்லப் பெண்மணிகளுக்கும் அந்தப் பாக்கியம் கிட்ட வேண்டும் என்றும் பிரார்த்திக்கிறோம்!"

மூங்கில் தட்டிக்குப் பின்னால் பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. அத்தனை பெஞ்சுகளும் வாசல் பக்கமாக நகர்ந்தன.

பாட்டர்ஸ்பிக்கு வேர்த்தது. "அண்ணே, இதெல்லாம் வேணாமே" என்று இராமையாவின் காதில் சொன்னார்.

"அடக்கம்!" என்று இராமையா சபைக்கு விளக்கினார். மறுபடியும் கை தட்டல்.

இனி வாழ்த்து வெண்பா. பெரியவர்களை வாழ்த்தும்போது அவர்கள் வயதை முதலடியில் வைத்துப் பாடுவது குழந்தைவேலுவின் முத்திரை. எழுபது, எழுபத்தைந்து, எண்பது ஆகிய மூன்றுக்கும் வெண்பா தயாராக வைத்திருந்தார். எதைப் பாடுவது என்று தெரிய வேண்டுமே. மேடையிலேயே குனிந்து கேட்டார்:

"ஐயாவுக்கு வயசு என்ன ஆகிறது?"

பாட்டர்ஸ்பிக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. மறுக்காமல் இருக்கும் பழக்கம் மட்டுமே புதிதாக வந்திருந்தது.

"நாப்பத்தேழு" என்றார்.

இது வேறு எந்தச் சபையாக இருந்தாலும் கை தட்டிவிட்டுக் கலைந்திருக்கும். ஆனால் கூடியிருந்த முன்னூறு பேரும் குமாஸ்தாக்கள். ரயில்வே, துறைமுகம், சுங்கம், அரிசி ஆலை. ஒரு எண்ணைக் கேட்டால் இன்னொரு எண்ணிலிருந்து கழிக்காமல் அவர்களால் உட்கார முடியாது. முன்னூறு கட்டை விரல்கள் முன்னூறு விரற்கணுக்களில் ஊர ஆரம்பித்தன. உதடுகள் அசைந்தன. விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எட்டு" என்றார் சுங்க இலாகாக்காரர்.

"எட்டுதான்" என்றது அரிசி ஆலை.

"மாசக் கணக்கும் சேத்தா எட்டே கால்" என்றது ரயில்வே.

பீர் முகைதீன் எழுந்து நின்றார். அவர் முகம், பெருநாள் பிறை கண்டது போல் இருந்தது. "என்ன காணும் இராமையா! லண்டன் போலீசு இத்தனை வருசமாத் தேடினது, ஆத்தா இடுப்புல உக்காந்து கப்பலேறின பையனையா?"

"அப்பாகூட வந்தேன்" என்று பாட்டர்ஸ்பி பணிவாகத் திருத்தினார். "அப்பா கப்பல் தச்சரு. அம்மா இல்ல."

சபை சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் இராமையாவைப் பார்த்தது. இராமையாவின் கை ஜிப்பாப் பையில் முத்திரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பதினான்கு வருஷம். அடுத்த வருஷம் கப்பல். இருபத்தாறு வருஷமாக அவர் நிரப்பிய 'வயது' என்ற கட்டங்கள் எல்லாம் கண்முன் வரிசையாக வந்து நின்று பல்லைக் காட்டின.

சாதாரண மனிதன் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பான். இராமையா சாதாரண மனிதர் அல்லர் என்பதற்காகத்தானே இந்தச் சரித்திரமே எழுதப்படுகிறது. அவர் மேஜையை ஒரு குத்துக் குத்தினார்.

"மிஸ்டர் பாட்டர்ஸ்பி! நீங்க நிரபராதின்னு ஏன் முன்னாடியே சொல்லல?"

"நாலு தடவ சொன்னேனே அண்ணே."

"எழுத்து மூலமா சொன்னீங்களா?"

"இல்ல. வாயாலதான்."

"பாத்தீங்களா!" இராமையா சபையை நோக்கித் திரும்பினார். "எழுத்து மூலமாத் தெரிவிக்கல! குத்தமற்றவரா இருந்துக்கிட்டே, கொலைகாரருக்கு உண்டான மரியாதையெல்லாம் வாங்கியிருக்காரு! நம்ம பாயசத்தச் சாப்பிட்டிருக்காரு! இது சங்கத்துக்கு இழைக்கப்பட்ட துரோகமா இல்லையா?"

எழுத்து மூலம் தெரிவிக்காதது எவ்வளவு பெரிய குற்றம் என்பது முன்னூறு குமாஸ்தாக்களுக்கும் எலும்புவரை தெரியும். "துரோகம்! துரோகம்!" என்ற குரல் எழுந்தது. குழந்தைகளைக் கும்பிடச் சொன்னவர்கள்தாம் மற்றவர்களைவிட உரக்கக் கத்தினார்கள்.

அந்த இடத்திலேயே தீர்மானம் எழுதப்பட்டது. 'ஐந்து கொலைகளில் ஒன்றைக்கூடச் செய்யாத மிஸ்டர் பாட்டர்ஸ்பியை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. வழங்கிய மாலைகளைத் திரும்பப் பெறுகிறது. மன்னிப்புக் கடிதம் கோருகிறது.' ஏகமனதாக நிறைவேறியது. விசிறிக் கட்சியும் கை தூக்கியது. கண்டனத் தீர்மானத்துக்குக் கை தூக்காமல் இருப்பது தமிழனுக்கு வழக்கமில்லை.

இவ்வளவு உறுதியான மனிதரைக் காரியதரிசியாக்காமல் வேறு யாரை ஆக்குவது? நூற்றெழுபது வாக்குகள் வாங்கி இராமையா ஜெயித்தார். கழற்றிய மூன்று மாலைகளும் வாடாமல் கைவசம் இருந்ததால் புதுச் செலவு ஏற்படவில்லை. பீர் முகைதீன் விசிறியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

இராமையா பட்டுத் துணியைப் பிரித்தார். பதினான்கு வருஷத்து ரப்பர் விறைத்துப் போயிருந்தது. மூன்று தடவை அழுத்தியும் பதியவில்லை. நாலாந்தடவை தீர்மானத்துக்குக் கீழே 'காரியதரிசி' பதிந்தது. அவர் அழுதுவிட்டார் என்று சொல்கிறார்கள்.

மெஸ்ஸில் கனகாம்பாள் இலை போட்டு வைத்திருந்தாள். பாட்டர்ஸ்பி வழக்கம்போலக் குழாயடிக்குப் போகப் பார்த்தார்.

"அங்க எங்க போறீங்க? உள்ள வாங்க."

"தீர்மானம் போட்டுட்டாங்களே அம்மா."

"எங்க மெஸ்ஸுக்கா போட்டாங்க? உக்காருங்க."

உட்கார்ந்தார். மன்னிப்புக் கடிதத்தை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்று, காகிதம் தேடிப் பையைத் திறந்தார். சுருதிக் கவை, திருகுசாவி, கம்பிச் சுருள், பியானோச் சுத்தியலுக்குக் கம்பளித் துணி சீவும் சின்னக் கத்தி. இவற்றின் அடியில், துரு ஏறாமலிருக்க, எண்ணெய் ஊறிய ஒரு தாளை விரித்திருந்தார். மெஸ் தரையில் கிடந்ததைப் பொறுக்கி வைத்தது.

"இங்கிலீஷ் எழுத்தா?" என்றாள் கனகாம்பாள். "என்ன போட்டிருக்கு?"

பாட்டர்ஸ்பி தாளை விளக்குப் பக்கம் பிடித்தார். "அம்மா, நீ அன்னிக்குக் கேட்டியே" என்றார். பிறகு ஒவ்வொன்றாக ஐந்து பெயர்களை வாசித்தார். கனகாம்பாள் ஒவ்வொரு பெயரையும் தன் நாக்குக்கு வந்தபடி திருப்பிச் சொன்னாள். மூன்றாவது பெயர் வாயில் நுழையவில்லை. மறுபடி கேட்டுச் சொன்னாள்.

மறுநாள் அவளே தாளை எடுத்துக்கொண்டு சங்கப் படியேறினாள். புதிய காரியதரிசி மேஜையில் இருந்தார்.

"அண்ணே, பேரு கெடைச்சிருச்சு. அன்னிக்கு இடம் விட்டீங்களே, எழுதிக்கங்க."

இராமையா எண்ணெய்த் தாளைப் பார்த்தார். தொடவில்லை. "அந்த விஷயந்தான் முடிஞ்சு போச்சேம்மா. தீர்மானம் ஆயி, முத்திரையும் குத்தியாச்சு. முத்திரை குத்துனதுக்கு மேல ஒண்ணும் சேக்கக் கூடாது."

சங்கத்தின் 1927ஆம் வருஷ நடவடிக்கைப் புத்தகத்தில் 'கொல்லப்பட்ட மாதர்' என்ற தலைப்பின் கீழ் ஒன்று முதல் ஐந்துவரை இலக்கங்கள் இருக்கின்றன. எதிரே ஒன்றும் இல்லை. பெயர்கள் அச்சாகியிருந்தது, இராமையா வடை தின்றுவிட்டுக் கை துடைத்த பாதியில்.